45 மி.மீ. இறக்கிய கார்: ஸ்பிரிங் ரேட், மிஞ்சிய இடைவெளி, பயண சுகம் – ஒரு நிகழ்வு ஆய்வு

கோயம்புத்தூரில் ஓடும் 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றைப் பற்றியது இந்த ஆய்வு. முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாகச் சேர்ந்தது), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும், முறுக்கத்துக்கு இடம்தரும் குறுக்குச் சட்டம்) என்று, நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ள அதே அமைப்புதான் இதற்கும். உரிமையாளர் வெளிக்கடையில் லோயரிங் ஸ்பிரிங் வாங்கி மாட்டியிருந்தார். ஷாக் அப்சார்பர், வீல், டயர் மூன்றும் கம்பெனியிலிருந்து வந்தவையே. கார் முன்னால் 45 மி.மீ., பின்னால் 40 மி.மீ. இறங்கியிருந்தது. பார்வைக்கு நன்றாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் தார்ச்சாலை ஒட்டுகளில்கூட முதுகுத்தண்டில் அடிப்பதாகவும், பின்சீட்டில் ஆள் ஏறினால் வேகத்தடைகளில் இரும்போடு இரும்பு மோதுவது போன்ற சத்தம் வருவதாகவும் அவர் சொன்னார். கேட்டது இதுதான்: "ஸ்பிரிங் ரொம்ப ஹார்டா இருக்குதுங்க சார். இதே ஹைட்டுல கொஞ்சம் சாஃப்டா ஒண்ணு போட்டுக் குடுத்தாப் போதுங்க."

காரை இறக்கியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இதையேதான் கேட்பார்கள். சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அடி எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. அடித்தால் ஸ்பிரிங் கட்டி என்பது முடிவு. இந்தக் காரில் அந்த முடிவு தவறு என்பதையும், அவர் கேட்டபடி மென்மையான ஸ்பிரிங் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும் என்பதையும் எண்களோடு காட்டுவதே இங்கே நோக்கம். எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுமையாக்கியிருக்கிறேன். சக்கர நகர்வுக்கும் ஸ்ட்ரட் நகர்வுக்கும் இடையிலான சிறு வேறுபாட்டை, தேவையான இடம் தவிர மற்ற இடங்களில் விட்டிருக்கிறேன்.

எடையும் ஸ்பிரிங்கும்

முன்சீட்டில் இரண்டு பேரோடு நான்கு சக்கரங்களையும் தனித்தனித் தராசில் நிறுத்தியபோது, முன்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 310 கிலோ, பின்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் 210 கிலோ இருந்தது. இதில் வீல், டயர், பிரேக், நக்கிள் போன்றவற்றின் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை. முன்னால் 35 கிலோ, பின்னால் 30 கிலோ என்று அவற்றைக் கழித்தால், ஸ்பிரிங் தாங்கும் எடை முன்னால் ஒரு பக்கத்துக்கு 275 கிலோ, பின்னால் 180 கிலோ.

ஸ்பிரிங் ரேட் என்பது ஒரு மில்லிமீட்டர் அமுக்க எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்ற அளவு. கடையில் விற்கும் ஸ்பிரிங்குகளில் இதை அச்சிடுவது அரிது. ஆனால் வெர்னியர் இருந்தால் கணக்கிட்டுவிடலாம். கம்பியின் விட்டத்தை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, எஃகின் முறுக்கு விறைப்பால் பெருக்கி, அதை எட்டு மடங்கு வேலை செய்யும் சுற்றுகளாலும் சுருளின் சராசரி விட்டத்தின் மூன்றாம் அடுக்காலும் வகுத்தால் ரேட் வந்துவிடும். எஃகுக்கு அந்த விறைப்பு சுமார் 79,000 நியூட்டன்/ச.மி.மீ.

கம்பெனி ஸ்பிரிங்கில் கம்பி 12 மி.மீ., சுருளின் வெளிவிட்டம் 132 மி.மீ., ஆகவே சராசரி விட்டம் 120 மி.மீ.; வேலை செய்யும் சுற்றுகள் ஆறு. கணக்கு 20 நியூட்டனுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. லோயரிங் ஸ்பிரிங்கில் கம்பியும் அதே 12 மி.மீ., சுருளும் அதே 120 மி.மீ.; சுற்றுகள் மட்டும் ஐந்து. ஆறில் ஒரு சுற்றுக் குறைந்தால் ரேட் ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆக 24 நியூட்டன். கம்பெனி ஸ்பிரிங்கில் ஒரு சுற்றைக் கிரைண்டரால் அறுத்திருந்தாலும் இதே 24தான் வந்திருக்கும். சிவப்புப் பெயின்டும், ஒழுங்காக மடித்த முனையும், ஸ்பிரிங் தன் இருக்கையில் சரியாக உட்காருவதும்தான் கூடுதலாகக் கிடைத்தவை. (முனை சரியாக உட்காருவது சிறிய விஷயமன்று, அறுத்த ஸ்பிரிங் இருக்கையிலிருந்து நழுவி டயரைத் தொட்டுவிடும்.) இந்த ஸ்பிரிங்கை "புரோகிரெசிவ்" (அமுங்க அமுங்க விறைப்புக் கூடுவது) என்று சொல்லி விற்றிருந்தார்கள், ஆனால் சுற்றுகளின் இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒன்றாகவே இருந்தது.

அளக்கும்போது ஓர் எச்சரிக்கை. பவுடர் கோட்டிங் கம்பியின் இருபுறமும் 0.2 மி.மீ. இருந்தாலே வெர்னியர் 12.4 காட்டும். நான்காம் அடுக்கு என்பதால் அந்த 0.4 மி.மீ. ரேட்டை 14 விழுக்காடு கூட்டிக் காட்டிவிடும். பெயின்டை ஓர் இடத்தில் சுரண்டிவிட்டு அளப்பதே சரி.

ஸ்பிரிங் ரேட் அப்படியே சக்கரத்துக்கு வந்துசேர்வதில்லை. ஸ்ட்ரட் சற்றுச் சாய்ந்தும் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளியும் நிற்பதால், சக்கரம் 100 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் 95 மி.மீ. அமுங்குகிறது. இந்த விகிதத்தின் வர்க்கத்தால், அதாவது சுமார் 0.9ஆல், பெருக்கினால் சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு கிடைக்கும்: பழைய ஸ்பிரிங்கில் 18, லோயரிங் ஸ்பிரிங்கில் 21.6. பின்னால் ஸ்பிரிங் பீமின் மேல் சக்கரத்துக்கு முன்னே தள்ளி உட்கார்ந்திருப்பதால் விகிதம் 0.85. அங்கே பழைய 24 நியூட்டன் ஸ்பிரிங் சக்கரத்தில் 17.3 ஆகிறது, புதிதாகப் போட்ட 26 நியூட்டன் ஸ்பிரிங் 18.8 ஆகிறது.

விறைப்பையும் எடையையும் சேர்த்துப் பார்த்தால்தான் சுகத்தைப் பற்றிப் பேச முடியும். இரண்டும் சேர்ந்து தருவது இயல்பு அதிர்வெண், அதாவது காரை ஒருமுறை அமுக்கிவிட்டால் வினாடிக்கு எத்தனை தடவை ஏறி இறங்க முயலும் என்ற எண். கம்பெனி நிலையில் முன்னால் 1.29 ஹெர்ட்ஸ், பின்னால் 1.56 ஹெர்ட்ஸ். லோயரிங் ஸ்பிரிங்கோடு முன்னால் 1.41, பின்னால் 1.63. சாதாரணக் கார்கள் 1 முதல் 1.5 வரையிலும், விளையாட்டுத் தன்மை கொண்ட கார்கள் 1.5 முதல் 2 வரையிலும் இருப்பது வழக்கம் என்பதால், ஸ்பிரிங்கை மட்டும் பார்த்தால் இந்தக் கார் முதுகை அடிக்க எந்தக் காரணமும் இல்லை.

ஷாக் தாங்கவில்லை என்பது அடுத்து எழும் சந்தேகம். லோயரிங் ஸ்பிரிங் என்றாலே கம்பெனி ஷாக் தாங்காது என்று பட்டறைகளில் உறுதியாகச் சொல்வார்கள். தேவைப்படும் தணிப்பு, அதாவது ஆட்டத்தை ஷாக் அடக்கும் திறன், ரேட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்துத்தான் கூடுகிறது. ரேட் 20 விழுக்காடு கூடினால் தணிப்பு 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பற்றாமல் போகும். அந்த அளவை ஓட்டுபவர் கவனிப்பதே கடினம்.

அடி எங்கிருந்து வந்தது

பதில் ஸ்ட்ரட்டின் ரப்பர் உறைக்குள் இருந்தது. உறையை மேலே தூக்கியபோது கருப்புப் பொடியும் துணுக்குகளும் கொட்டின; பம்ப் ஸ்டாப்பின், அதாவது சக்கரம் மேலேறும் கடைசி எல்லையில் மோதலைத் தாங்கும் கட்டையின், பாலியூரித்தேன் நுரை நொறுங்கியிருந்தது. இந்த ஸ்ட்ரட்டில் பம்ப் ஸ்டாப்பின் நீளம் 60 மி.மீ.; அது 20 மி.மீ. உயரமாகும் வரை நசுங்கும், அதற்குமேல் கல்தான். கம்பெனி உயரத்தில், இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது ஸ்ட்ரட் உடலுக்கும் ஸ்டாப்புக்கும் நடுவே 45 மி.மீ. இடைவெளி உண்டு. அதைத் தாண்டி 40 மி.மீ. நசுங்கும் இடம். ஆக மேல்நோக்கி மொத்தம் 85 மி.மீ. நகர்வு.

காரை 45 மி.மீ. இறக்கியதும் அந்த இடைவெளி முழுவதும் போய்விட்டது. நின்ற நிலையிலேயே ஸ்ட்ரட் ஸ்டாப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சிறு குழியானாலும் சக்கரம் ஏறும் முதல் மில்லிமீட்டரிலிருந்தே, ஸ்பிரிங்கோடு நுரையும் சேர்ந்து தள்ளுகிறது. நுரையின் விறைப்பு நசுங்க நசுங்கக் கூடிக்கொண்டே போகும். நடுப்பகுதியில் சராசரியாக 40 நியூட்டன் என்று வைத்துக்கொண்டால், மொத்த ரேட் 64, சக்கரத்தில் 57.6, அதிர்வெண் 2.3 ஹெர்ட்ஸ். உரிமையாளர் உட்கார்ந்திருந்தது 1.41 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங்கின் மேல் அன்று. பெரும்பாலான நேரம் நுரைக்கட்டியின் மேல்.

இதை உறுதிசெய்ய ஷாக்கின் ராடில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்காமல் மாட்டி, ஸ்ட்ரட் உடல்வரை கீழே தள்ளிவைத்து, புது பம்ப் ஸ்டாப்போடு அவர் வழக்கமாகப் போகும் பாதையிலேயே ஓட்டிப் பார்த்தோம். ராட் உள்ளே போகும்போது டை மேலே தள்ளப்பட்டு, அதிகபட்சம் எங்கே போனதோ அங்கே நின்றுவிடும். திரும்பி வந்தபோது, நசுங்கக்கூடிய 40 மி.மீ.யில் 38 செலவாகியிருந்தது. இந்தச் சோதனைக்குப் பணமும் கருவியும் தேவையில்லை. காரை இறக்கும் எவரும் ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்னாலேயே கம்பெனி உயரத்தில் இதைச் செய்துபார்த்தால் எவ்வளவு இறக்க இடமிருக்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.

பின்னாலும் இதே கதை, ஆளேறிய பிறகு. இடைவெளி கம்பெனி நிலையில் 70 மி.மீ.; 40 இறக்கியபின் 30. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் சுமார் 83 கிலோ கூடுகிறது, அதற்கு அந்த ஸ்பிரிங் 43 மி.மீ. தாழ்கிறது. கார் நகரும் முன்பே ஸ்டாப்புக்குள் 13 மி.மீ. போயாகிவிட்டது.

ஜாக்கியில் தூக்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. முன் ஸ்பிரிங்கின் மேல் நின்ற நிலையில் சுமார் 2,840 நியூட்டன் சுமை. 24 நியூட்டன் ரேட்டுக்கு அது 118 மி.மீ. அமுக்கம். ஸ்ட்ரட் கீழ்நோக்கி நீள இருக்கும் இடமோ, கம்பெனி நிலையின் 78 மி.மீ.யோடு, சக்கரத்தில் இறக்கிய 45க்கு ஸ்ட்ரட்டில் வரும் 43 மி.மீ. சேர்ந்து 121. ஆகவே சக்கரம் முழுவதும் தொங்கும்போது ஸ்பிரிங் 3 மி.மீ. தளர்ந்து, கையால் திருப்பினால் திரும்புகிறது. குழியில் சக்கரம் விழுந்து எழும்போது வரும் "டக்" சத்தத்துக்கு ஒரு பங்கு இதுதான். லோயர் ஆர்ம் புஷ் தேய்ந்துவிட்டது என்று சொல்லி அதையும் மாற்றியிருந்தார்கள்.

மென்மையான ஸ்பிரிங் ஏன் உதவாது

அதே உயரத்தில் 20 நியூட்டன் ஸ்பிரிங் போட்டால், நின்ற நிலையில் இடைவெளி அப்போதும் பூஜ்யம்தான். குழியின் விசையைத் தாங்க ஸ்பிரிங்கின் பங்கு குறைவதால் நுரை இன்னும் ஆழமாக நசுங்கும். ஏற்கெனவே 2 மி.மீ.தான் மிச்சம்.

சரி, எதிர்ப்பக்கம் போனால்? கம்பெனி நிலையில் ஸ்டாப்பைத் தொடும் முன் ஸ்பிரிங் விழுங்கும் கூடுதல் ஆற்றலைக் கணக்கிடலாம்: விறைப்பில் பாதியை நகர்வின் வர்க்கத்தால் பெருக்கினால், 18 நியூட்டனுக்கும் 45 மி.மீ.க்கும் 18.2 ஜூல் வருகிறது. நகர்வு வர்க்கமாக வருவதைக் கவனிக்க வேண்டும். இடைவெளி பாதியானால் அதே ஆற்றலுக்கு நான்கு மடங்கு விறைப்பு வேண்டும். இடைவெளியைக் கொஞ்சம் தின்றாலும் ரேட்டில் கொடுக்க வேண்டிய விலை மிக அதிகம். இதே காரை 45 மி.மீ. இறக்கிய நிலையிலேயே வைத்து, குட்டையான ஸ்டாப் போட்டு 15 மி.மீ. இடைவெளியை மீட்டாலும், 18.2 ஜூலுக்குச் சக்கரத்தில் 162 நியூட்டன் தேவை. அதிர்வெண் 3.9 ஹெர்ட்ஸ். உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை மிக அதிகமாக உணர்வது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையில்தான். வயிறும் முதுகும் அந்த வேகத்தில்தான் காரோடு சேர்ந்து ஆடத் தொடங்குகின்றன. செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கு வேண்டுமானால் அப்படி ஒரு கார் பொருந்தும், அவிநாசி சாலைக்குப் பொருந்தாது. கம்பெனி நீள ஸ்ட்ரட்டை வைத்துக்கொண்டு 45 மி.மீ. இறக்கினால், சுகமாக ஓடக்கூடிய ஸ்பிரிங் ரேட் என்று ஒன்று இந்தக் காருக்குக் கிடையாது. இதை உரிமையாளர் ஏற்றுக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

உடல் குட்டையான ஸ்ட்ரட் வாங்கினால் இடைவெளி திரும்பக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் டயர் வீல் ஆர்ச்சில் இடிப்பதும், லோயர் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்வதும் அதனால் மாறாது. ஆர்ம் அப்படிச் சாய்ந்தால் முன்பக்கத்தின் ரோல் சென்டர் (திருப்பத்தில் காரின் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), கார் இறங்கியதைவிட வேகமாக இறங்கிவிடும். புவியீர்ப்பு மையம் தாழ்ந்தும், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் கூடுவதால், திருப்பத்தில் கார் அதிகம் சாய முற்படும். இறக்கினால் திருப்பத்தில் நன்றாக நிற்கும் என்ற நம்பிக்கை ஸ்ட்ரட் கார்களில் ஓர் அளவுக்குமேல் பொய்த்துப்போவது இதனால்தான்.

முடிவு செய்த அமைப்பு

முன்னால் 22 மி.மீ., பின்னால் 20 மி.மீ. இறக்கம் என்று பேசி முடித்தோம். முன் ஸ்பிரிங்கை சிலிக்கான்-குரோமியம் எஃகில், 12.5 மி.மீ. கம்பியில், அதே சுருள் விட்டத்தில், வேலை செய்யும் ஐந்து சுற்றுகளோடு ஒரு ஸ்பிரிங் பட்டறையில் சுற்றச் சொன்னோம். கம்பியில் கூடிய அரை மில்லிமீட்டர் ரேட்டை 28 ஆக்குகிறது. சுற்றியபின் முழுவதும் அமுக்கி எடுக்கச் சொல்ல வேண்டியது அவசியம். அதைச் செய்யாத ஸ்பிரிங் காரில் மாட்டியபிறகு தானாகத் தாழ்ந்து, செய்த கணக்கையெல்லாம் கெடுத்துவிடும்.

பம்ப் ஸ்டாப்பை 60 மி.மீ.யிலிருந்து, 15 மி.மீ. உயரமாகும் வரை நசுங்கக்கூடிய 45 மி.மீ. நுரைக்கு மாற்றினோம். அதற்கு முன் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஸ்ட்ரட்டை வெறுமையாக மாட்டி, ஜாக்கியால் சக்கரத்தைப் புதிய கடைசி எல்லைவரை ஏற்றி, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, டயர் எங்கும் உராயவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டோம். இந்தச் சோதனையைச் செய்யாமல் பம்ப் ஸ்டாப்பைக் கத்தியால் நறுக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ஷாக்கின் அடிவால்வையும் டயரையும் காப்பது அந்த நுரைதான்.

22 இறக்கியபின் இருந்த 23 மி.மீ. இடைவெளி, குட்டை ஸ்டாப்பால் 38 ஆனது. சக்கரத்தில் விறைப்பு 25.2. ஸ்டாப்பைத் தொடும்முன் விழுங்கும் ஆற்றல் மறுபடியும் 18.2 ஜூல், கம்பெனி நிலைக்குச் சமம். ரேட்டை 28 என்று தேர்ந்ததே இந்தச் சமன்பாட்டுக்காகத்தான். முன்னால் அதிர்வெண் 1.52 ஹெர்ட்ஸ், கம்பெனி நிலையைவிட விறைப்புதான், ஆனால் இறக்கிய நிலையில் உணர்ந்த 2.3ஐவிட மிகக் குறைவு. தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கில் 2 மி.மீ. அமுக்கம் மிஞ்சுகிறது, தளர்வு போயிற்று.

பின்னால் 32 நியூட்டன். சக்கரத்தில் 23.1, அதிர்வெண் 1.8 ஹெர்ட்ஸ். முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தை விறைப்பாக வைத்ததற்குக் காரணம் 1930களில் கண்டறியப்பட்டது. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் பிரிவுக்குப் போன பொறியாளர் மாரிஸ் ஓலி, ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் எடைகளை நகர்த்தி நகர்த்தி ஓட்டிப் பார்த்து, முன் ஸ்பிரிங் பின்னதைவிட மென்மையாக இருக்கும்போதுதான் கார் முன்னும் பின்னும் தலையாட்டாமல் ஒரே மட்டமாக ஏறி இறங்குகிறது என்று கண்டார். மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. நம் காரின் 2.43 மீட்டர் வீல்பேஸில், 50 கி.மீ. வேகத்தில், பின்சக்கரம் 0.175 வினாடி கழித்து ஏறுகிறது. தாமதமாகத் தொடங்கிய பின்பக்கம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப்பிடிக்கும். புதிய அமைப்பில், முன்பக்கம் ஒன்றரை ஆட்டம் முடிப்பது 0.99 வினாடியில், பின்பக்கம் அந்தத் தாமதத்தையும் சேர்த்து முடிப்பது 1.01 வினாடியில். இறக்கிய நிலையில் முன்பக்கம் ஸ்டாப்பின் மேல் 2.3 ஹெர்ட்ஸில் துள்ள, பின்பக்கம் 1.63இல் பின்தங்கியதால் கார் குதிரைபோல் தலையாட்டியது. மனைவிக்கு வாந்தி வருவதாக உரிமையாளர் சொன்னதை நான் அதோடுதான் பொருத்திப் பார்க்கிறேன்.

ரேட் 40 விழுக்காடு கூடியபிறகு கம்பெனி ஷாக் உண்மையிலேயே பற்றாது. தணிப்பு விகிதம் 0.3 என்று இருந்தால் 0.25க்கு இறங்கிவிடும். அமுங்கும்போது ஸ்பிரிங் சேர்த்துவைத்த கூடுதல் ஆற்றல் விரியும்போதுதான் திரும்ப வருகிறது என்பதால், ரீபவுண்டு, அதாவது விரியும் திசையின் தணிப்பு, மட்டும் சற்றுக் கூடுதலாகவும், அமுங்கும் திசை கம்பெனி அளவிலேயும் உள்ள ஷாக்கைத் தேர்ந்தோம். இரு திசையும் சேர்ந்து இறுகும் ஒற்றைத் திருகு ஷாக்குகளை நம் சாலைகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. வீல் அலைன்மென்ட் பார்த்து டோ (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்தது வழக்கமான வேலை.

கேபிள் டையை மறுபடி மாட்டி அதே பாதையில் ஓட்டியதில், அதிகபட்ச நகர்வு 52 மி.மீ.; அதாவது இடைவெளி 38 போக, ஸ்டாப்புக்குள் 14 மட்டும். பின்சீட்டில் மூன்று பேரோடு 35 மி.மீ. தாழ்ந்தும் 15 மி.மீ. இடைவெளி மிஞ்சுகிறது. கம்பெனி நிலையில் இது 23ஆக இருந்தது, ஆகவே முழுக் குடும்பமும் டிக்கி நிறையச் சாமானும் ஏறும் நாளில் பின்னால் ஸ்டாப் தொடத்தான் செய்யும். தார் உரிந்த கூர்மையான விளிம்புகளில் கம்பெனி காரைவிடச் சற்று உறுத்தலும் உண்டு, 1.29க்கும் 1.52க்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஷாக்காலும் மறைக்க முடியாது.

இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவின்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. உயரம், அப்படிக் கட்டியிருந்தால் 25 கி.மீ. வேகத்தில் இந்தக் கார் அலட்டிக்கொள்ளாமல் தாண்டும். தெருக்காரர்களே ஓர் இரவில் கட்டிவிடும் குறுகலான மேடுகளுக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது, அங்கே வண்டியை உருட்டித்தான் ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. தம் மாற்றம் அதற்குள் வருமா என்பதையும் இன்சூரன்ஸ் செல்லுமா என்பதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளும்படி உரிமையாளரிடம் வேலையைத் தொடங்கும் முன்பே சொல்லியிருந்தோம். கழற்றிய கம்பெனி ஸ்பிரிங்குகளை அவர் விற்காமல் வைத்திருந்ததால், அளவெடுப்பும் எளிதாயிற்று, தேவைப்பட்டால் ஒரு நாளில் பழைய நிலைக்குத் திருப்பவும் முடியும்.